ஒந்தினாவின் நம்பர் போன வழி

ஒந்தினா ரொசாரியோவிடம் சொந்தமாகக் கார் கிடையாது. வண்டி ஓட்டவும் அவளுக்குத் தெரியாது. இருந்தும் சாந்தியாகோவில் எங்கள் பேட்டைக்காரர்கள் அவளை டாக்சிக்காரி என்றுதான் சொல்வார்கள். அவளிடம் இருந்தது ஒரு டெலிபோன் நம்பர். அதில் கூப்பிட்டால் அவள் எடுப்பாள். வயர்லெஸ்ஸில் டிரைவர் ஒருவனைப் பிடித்து அனுப்பிவைப்பாள். கார்கள் டிரைவர்களுடையவை. டயர், பெட்ரோல், போலீஸ்காரனோடு வாக்குவாதம் எல்லாம் அவர்கள் பாடு. வாரக் கடைசியில் அவர்கள் அவளுக்கு ஒரு தொகையைக் கட்டினார்கள் என்றால் அது அந்த நம்பருக்காகத்தான். கார்க் கதவுகளில், மருந்துக்கடைக் கண்ணாடியில், பிரிட்ஜில் ஒட்டும் காந்த அட்டைகளில் என்று பேட்டை முழுக்க அது இருந்தது. செல்போனில் எழுத்துக்கூட்டத் தெரியாத கிழவிகளும் அந்த நம்பரை மட்டும் இருட்டில்கூட அழுத்துவார்கள்.

நான் அவள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். சாயங்கால வகுப்புகளில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்த ஊருக்கு வந்து எவ்வளவோ காலமாகியும், எல்லாரையும் போல மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டு போக எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. அதனால் வகுப்புக்குக் கிளம்பும்போது கீழே இறங்கி, ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி வண்டி கேட்பேன். ஆபீஸ் என்பது வீட்டின் முன்னறை. ஒரு மேஜை, வயர்லெஸ் பெட்டி, மின்விசிறி, போன், அதற்கு முன்னால் ஒந்தினா.

"சொல்லுங்க தங்கம்" என்றுதான் எடுப்பாள். யாராக இருந்தாலும் தங்கம். கடன்காரன் கூப்பிட்டாலும் தங்கம்தான்.

"மாமரத்து வீடா? எந்த மாமரம், காய்க்கிறதா காய்க்காததா? ஆங், புரிஞ்சுது, உங்க மச்சான் சுவரேறிக் குதிச்சுக் காலை உடைச்சுக்கிட்டாரே, அந்த வீடு. நாயைக் கட்டிவையுங்க தங்கம், போன தடவை நம்ம டிரைவர் மெலிதோ பயந்துபோய் கார் மேல ஏறி உக்காந்துட்டான். அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷத்தை எவரும் நம்பியதில்லை. முதல் தடவை கூப்பிட்டுவிட்டுக் குளிக்கப் போவார்கள். இரண்டாம் தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் செருப்பைத் தேடுவார்கள். அப்போதும் அவள் ஐந்து நிமிஷம் என்பாள். எங்கள் தெருக்களுக்குப் பெயர் உண்டு. அது முனிசிபாலிட்டிக்கு மட்டும் தெரியும். கதவு எண் இருந்தால் அதை யாரோ ஒரு தேர்தலின்போது சுண்ணாம்படித்து மறைத்திருப்பார்கள். இவள் எல்லார் வீட்டையும் மரத்தால், கேட்டின் நிறத்தால், அங்கே நடந்த சண்டையால் அறிந்து வைத்திருந்தாள்.

காலையெல்லாம் ஒந்தினா. மதியச் சாப்பாட்டுக்கு மேல் அந்த நாற்காலியில் ஃபியோர்தாலிசா. ஊருக்கு ஃபியோர், ஒந்தினாவுக்கு மட்டும் கொமாத்ரே. தன் பிள்ளையைக் கோயிலில் கையில் ஏந்தி ஞானஸ்நானத்துக்கு நின்றவளை இங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும். அதற்கு முன் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதிகளாக இருந்தாலும், சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றிய கணத்திலிருந்து 'நீ' போய் 'நீங்க' வந்துவிடும். கொமாத்ரேயோடு குரலை உயர்த்திப் பேசுவது பாவம். அவளைச் சந்தேகப்படுவது அதைவிடப் பெரிய பாவம். ஒந்தினாவின் மகள் யாரிசா வளர்ந்து வேலைக்குப் போகிறவள். ஃபியோர் வாசலில் நுழையும்போதே "ஆசீர்வாதம், ஞானம்மா" என்று எழுந்து நிற்பாள். "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், நல்ல புருஷனா ஒருத்தனைக் காட்டட்டும்" என்று ஃபியோர் அவள் தலையைத் தொடுவாள்.

புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷத்தில், கைக்குழந்தையோடு ஒந்தினா இந்த டாக்சி ஆபீஸைத் தொடங்கியபோது, கூட உட்கார்ந்தவள் ஃபியோர்தான். ஒருத்தி போன் எடுக்க, இன்னொருத்தி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வயர்லெஸ்ஸில் கத்தியிருக்கிறாள். "பயல்களுக்குக் குழந்தை அழுற சத்தம் கேட்டாத்தான் வண்டியை எடுப்பானுங்க" என்று அந்தக் கதையை எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்கள், இருவரும் சிரித்துக்கொண்டே.

சிக்கல் செம்புக்கம்பியில் தொடங்கியது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டெலிபோன் கம்பியை வெட்டிக்கொண்டு போய் எடைக்குப் போடும் கும்பல் ஒன்று பேட்டைக்குள் வந்திருந்தது. கம்பி போனால் நம்பர் ஊமை. கம்பெனி ஆள் வந்து கட்டிவிட்டுப் போவான், மறுபடி வெட்டுவார்கள். கடைசியில் கம்பெனி கையை விரித்துவிட்டது. ஒந்தினா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்று, ஃபியோர் எல்வின் என்ற ஒரு டெக்னீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெற்றிலைப் பெட்டி அளவுக்கு ஒரு கருவியும் புது மாதிரிப் போன் ஒன்றும் அவன் பையில் இருந்தன.

"தோன்யா ஒந்தினா, இதுவரைக்கும் உங்க நம்பர் அந்தக் கம்பியோட நுனியில கட்டிப்போட்ட மாடு மாதிரி இருந்துச்சு" என்றான் எல்வின். தோன்யா என்றால் இங்கே 'அம்மா' மாதிரி ஒரு மரியாதை. "கயிறை அறுத்தா மாடு போச்சு. இனிமே நம்பர் இந்த வீட்டுலயே இருக்காது."

"பின்ன எங்க இருக்கும்?"

"மயாமில ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல."

"பாத்தீங்களா டீச்சர்" என்று ஒந்தினா என் பக்கம் திரும்பினாள். "எனக்கு மூணு தடவை விசா இல்லேன்னுட்டான். என் நம்பருக்குக் கேக்காமலே குடுத்துட்டான்."

எல்வின் பொறுமைசாலி. கருவியைச் சுவரில் மாட்டிக்கொண்டே சொன்னான். யாராவது அந்த நம்பரைக் கூப்பிட்டால் அழைப்பு முதலில் அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகும். இங்கே மேஜையில் இருக்கும் போன் இன்டர்நெட் வழியாக 'நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன்' என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது அழைப்பை இந்தப் பக்கம் திருப்பிவிடும். பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பி, காதுக்கு வரும்போது ஒட்டவைத்துவிடும். கம்பி தேவையில்லை, திருடுவதற்கு ஒன்றும் இல்லை.

"கரண்ட் போனா?" என்றாள் ஒந்தினா. எங்கள் தெருவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பழைய செம்புக்கம்பிப் போன் கரண்ட் இல்லாமலும் பேசும். இது பேசாது. இன்வெர்ட்டர் மத்தியானம் வரை தாங்கும், அப்புறம் அதுவும் படுத்துவிடும்.

"அதுக்குத்தான் வரிசைன்னு ஒண்ணு இருக்கு" என்றான் அவன். "முதல்ல எங்க மணி அடிக்கணும், அங்க எடுக்கலேன்னா அடுத்து எங்க, அதுவும் இல்லேன்னா எங்கன்னு ஒரு பக்கத்துல போட்டு வெச்சிடலாம். இங்க கரண்ட் போச்சுன்னா அடுத்த இடத்துல அடிக்கும். கூப்பிடறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

"என் வீடு இருக்கே" என்றாள் ஃபியோர். அவள் வீடு கிளினிக்கை ஒட்டின தெருவில். ஆஸ்பத்திரிக்குப் போகும் லைன் என்பதால் அங்கே விளக்கு அணைவதே இல்லை. தெருக்காரர்களுக்கு அதில் ஒரு கர்வம்கூட உண்டு. "இங்க இருட்டாச்சுன்னா அங்க அடிக்கட்டும். நான் எடுத்துக்கறேன்."

ஒந்தினா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பழைய கம்பெனியிலிருந்து நம்பரைப் புதுக் கம்பெனிக்கு மாற்ற ஓர் ஆள் பெயர் வேண்டும், செல்லுபடியாகும் அடையாள அட்டை வேண்டும் என்றான் எல்வின். ஒந்தினாவின் அட்டை காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க வேண்டுமென்றால் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். அன்று முழுக்க போன் எடுக்க முடியாது.

"என் பேர்ல போடுங்க" என்றாள் ஃபியோர். "இதுக்குப் போய் கொமாத்ரே வெயில்ல காயணுமா?"

அப்படியே ஆயிற்று. வரிசையை மாற்றும் பக்கத்தைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு உண்டு என்று எல்வின் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தான். ஃபியோர் அதை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள், இந்த ஊர்ப் பெண்கள் பணத்தையும் சாவியையும் செருகிக்கொள்வது போல.

பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அவர்கள் போன பிறகு மெதுவாகச் சொன்னேன்: "அந்தப் பாஸ்வேர்டை நீங்களும் ஒண்ணு எழுதி வாங்கி வெச்சுக்கலாமே."

ஒந்தினா என்னை ஒரு விதமாகப் பார்த்தாள். கோபம் இல்லை, பரிதாபம் மாதிரி ஒன்று. "டீச்சர், உங்க ஊர்ல கோயில் வாசல்ல ஞானத்தாய நிறுத்தி அட்டையக் காட்டுன்னு கேப்பாங்களா?"

நான் மாடிப்படி ஏறிவிட்டேன்.

புதுப் போன் நன்றாகவே வேலை செய்தது. செம்பு திருடுகிறவர்கள் வேறு பேட்டைக்குப் போய்விட்டார்கள். தெரு இருட்டில் மூழ்கியபோதெல்லாம் ஃபியோர் வீட்டில் மணி அடித்தது, அவள் வண்டிகளை அனுப்பினாள். வயர்லெஸ் பெட்டி இன்னொன்று வாங்கி அவள் வீட்டில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் ஃபியோருக்கு முழங்கால் வலி வந்தது. "போன் என் வீட்டுக்கே வருதே கொமாத்ரே, நான் எதுக்கு இந்த ஏத்தத்துல ஏறி வரணும்? மத்தியானம் அங்க திருப்பி விட்டுடறேன்" என்றாள். நியாயமாகத்தான் இருந்தது. மத்தியானங்களில் ஒந்தினா முதல் தடவையாகத் தூங்கினாள். எனக்கு வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமி இறைச்சியும் மாடிக்கு அனுப்பிவைக்கிற அளவுக்கு அவளுக்கு நேரம் கிடைத்தது.

பிறகு காலைகளும் அமைதியாயின. முதலில் ஒன்றும் தோன்றவில்லை. செல்போன் திரையில் வரைபடத்தைப் பார்த்துக் கூப்பிடுகிற புது டாக்சிகள் வந்திருந்தன. இளவட்டங்கள் அதற்குப் போய்விட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஃபியோரும் அதைத்தான் சொன்னாள். "காலம் மாறிடுச்சு கொமாத்ரே. என் பக்கமும் அடிக்கறதே இல்ல. நாமளும் எத்தனை நாளைக்குத்தான் ஓட்டுவோம்?" சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு. டிரைவர்கள் வாரக் கடைசியில் முகம் காட்டுவது குறைந்தது. மெலிதோ மட்டும் வந்துகொண்டிருந்தான். தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்து காபி குடித்துவிட்டு ஊர்க்கதை பேசிப் போகிறவன். இப்போது நின்றபடியே குடித்தான், கோப்பையைப் பார்த்தபடியே பேசினான்.

"என்னடா, காபியில ஈ கிடக்கா?" என்றாள் ஒந்தினா.

"இல்ல தோன்யா. சூடா இருக்கு."

"இவ்வளவு நாளும் சூடாத்தான் குடுத்தேன்."

அவன் பாதிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனான்.

அக்டோபரில் ஒரு நாள் காலையிலேயே மழை பிடித்தது. இங்கே மழையில் எவரும் நடக்க மாட்டார்கள். நனைந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் மரணம் என்று ஒரு நம்பிக்கை. கல்லூரி மாணவியிலிருந்து கல்லறைத் தோட்டக்காரன் வரை டாக்சி கேட்பார்கள். முதல் இடிக்கே ஒந்தினா எப்போதும் கூந்தலை முடிந்துகொண்டு, தண்ணீர் ஒரு வாய் குடித்து, போருக்குப் போகிறவள் மாதிரி நாற்காலியை முன்னுக்கு இழுப்பாள்.

அன்றும் முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. விளக்கு எரிந்தது. கருவியில் பச்சைப் புள்ளி மின்னியது. போன் அடிக்கவில்லை.

நான் கடைக்குப் போக முடியாமல் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். "உயிர் இருக்கு" என்றாள். மறுபடி வைத்தாள். தெரு ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் மெலிதோவின் கார், கதவில் அவள் பெயரோடும் நம்பரோடும், உள்ளே நிறைய ஆட்களோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. இவள் அவனை எங்கும் அனுப்பவில்லை.

"டீச்சர், கீழ வாங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உங்க செல்லுலேர்ந்து என் நம்பருக்கு அடிங்க."

அடித்தேன். மேஜையில் இருந்த போன் அசையவில்லை. என் காதில் மணி கேட்டது. யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுங்க தங்கம்."

ஃபியோரின் குரல். பின்னால் வயர்லெஸ் கரகரத்தது; ஒருவன் சிரித்தான்; இன்னொரு பெண் "அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்" என்று வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு டாக்சி ஆபீஸ் முழுவதும் அங்கே இருந்தது. ஒந்தினா என் கையிலிருந்து செல்லை வாங்கிக்கொண்டாள்.

"ஒரு வண்டி வேணும்" என்றாள்.

"எங்கேர்ந்து தங்கம்?"

"ஒந்தினா வீட்டுலேர்ந்து."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது, அந்தப் பக்கத்து மழையும் இந்தப் பக்கத்து மழையும். பிறகு வைத்துவிட்டார்கள்.

எல்வினைக் கூப்பிட்டபோது அவன் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது இருப்பதாகவே அவனுக்குத் தெரியவில்லை. "அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்க சொன்னா மாத்திக் குடுக்கணும் தோன்யா. முதல்ல அவங்க வீடு, அடுத்து அவங்க செல்லு, அப்புறம் மகளோட செல்லு, அதுக்கும் மேல ஒரு உதவிக்காரப் பொண்ணு. உங்க ஆபீஸ் கடைசி. உங்களுக்குத் தெரிஞ்சுதான்னு நினைச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"பெரிய வெள்ளிக்கு முன்னாடியே மாத்தியாச்சே."

அவர்கள் எல்லாரும் எடுக்க முடியாமல் போனால்தான் ஓர் அழைப்பு ஒந்தினாவின் மேஜைக்கு வந்திருக்கிறது. பெரிய வெள்ளியன்று ஃபியோர் வீட்டிலிருந்து மொச்சைப் பாயசம் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வந்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. ஒந்தினாவும் பதிலுக்கு அனுப்பினாள். இந்த ஊரில் அந்த வாரம் வீட்டுக்கு வீடு அதைத்தான் மாற்றிக்கொள்வார்கள்.

"இத்தனை மாசமா அவங்க தின்னுட்டுப் போட்ட எச்சிலைத்தான் நான் பொறுக்கியிருக்கேன்" என்றாள் ஒந்தினா. "அதுக்குமேல எனக்கு ஆறுதல் வேற சொன்னாங்க. காலம் மாறிடுச்சாம்."

மறுநாள் காலை டெலிபோன் கம்பெனிக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் மரியாதையாகச் சொன்னாள்: நம்பர் எவர் பெயரில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தம். அவராக மனசு வைத்து எழுதிக் கொடுத்தால் மாற்றலாம். கார்க் கதவில் யார் பெயர் இருந்தாலும் அது கணக்கில் வராது. "அவங்க உங்களுக்கு உறவா?" என்று கேட்டாள். ஒந்தினா, "என் மகளுக்கு ஞானத்தாய்" என்றாள். அந்தப் பெண் முகம் மலர்ந்து, "அப்ப பிரச்சினையே இல்லையே, பேசினா குடுத்துடுவாங்க" என்றாள்.

வெளியே வந்ததும் மழை தூற ஆரம்பித்தது. "நீங்களும் கூட வாங்க டீச்சர்" என்றாள் ஒந்தினா. "நான் தனியாப் போனா எதையாவது எடுத்து வீசிடுவேன்." வீசுகிற கையைப் பிடிக்கிற ஆள் இல்லை நான். ஆனாலும் போனேன்.

ஃபியோர் வீட்டுக் கம்பிக் கதவு திறந்தே இருந்தது. முன்னறையில் புது மேஜை, திரை ஒன்று, மின்னும் பொத்தான்களோடு ஒரு போன், சுவரோரம் வயர்லெஸ். உதவிக்காரப் பெண் எங்களைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய்விட்டாள். ஃபியோர் சமையலுக்குக் கட்டிய மேல்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"நனைஞ்சுட்டீங்களே கொமாத்ரே. உக்காருங்க, காபி போடறேன்."

"குடிக்க வரல கொமாத்ரே. என் நம்பரை எடுத்துட்டுப் போக வந்தேன்."

"அது பாத்திரமா, கையில எடுத்துட்டுப் போக?"

"உங்க கைக்கு மட்டும் எப்படி வந்துச்சாம்?"

ஃபியோர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். குரல் உயரவில்லை. இருவரும் கடைசிவரை 'நீங்க' என்றுதான் பேசினார்கள். கேட்கிற எனக்கு அது அடிப்பதைவிட மோசமாக இருந்தது.

"வண்டிக் கதவுல யாரு பேரு இருக்கு? டாக்சி ஒந்தினா. மத்தியானத்துலேர்ந்து ராத்திரி சாப்பாடு வரைக்கும் தொண்டை காய எடுத்தது யாரு? குடிகாரப் பயலுங்க பேசினதைக் கேட்டது யாரு? பாதியை என் பேர்ல வையுங்கன்னு உங்ககிட்ட நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க. யாரிசாவோட பிறந்தநாள் அன்னிக்கு, ரம்மைக் கையில வெச்சுக்கிட்டு."

"நீங்க சிரிச்சீங்க."

"விளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"கூலிக்கு உக்காந்திருக்கறவளுக்கு என்ன விளையாட்டு கொமாத்ரே?"

"மறுபடி ஒரு தடவை கேட்டிருக்கலாம்" என்றாள் ஒந்தினா.

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"என் முகத்தைப் பாத்துக் கேட்டு, மாட்டேன்னு பதில் வாங்கிட்டுப் போயிருக்கலாம். அது வேற. என் வீட்டுப் பிள்ளையோட தலையில கையை வெச்சுக்கிட்டே என் கழுத்துல கயிறைப் போட்டீங்களே, அது வேற. நான் மத்தியானம் தூங்கறேன்னு சந்தோஷப்பட்டேன். உங்க முழங்காலுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன்."

"முழங்கால் வலி நிஜம்தான்" என்றாள் ஃபியோர்.

அந்த நேரம் போன் அடித்தது. மேஜைக்குப் பக்கத்தில் நின்றவள் ஒந்தினா. கை தானாகப் போயிற்று. அவள் யோசித்து எடுத்ததாக நான் நினைக்கவில்லை.

"சொல்லுங்க தங்கம்." பிறகு அவள் முகம் மாறியது. அந்தப் பக்கம் பேசுகிற கிழவியின் குரல் எனக்கே கேட்டது: "ஒந்தினாவா? எங்கடி போயிருந்தே? யாரோ ஒருத்தி எடுத்து என் புருஷனை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற வண்டியை நேத்து வேற வீட்டுக்கு அனுப்பிட்டா."

"அவரைக் கதவுக்குள்ளயே உக்கார வையுங்க, சாரல்ல நிக்க வேண்டாம்" என்றாள் ஒந்தினா. இன்னொரு கையால் வயர்லெஸ் பொத்தானை அழுத்தினாள். "மெலிதோ, டயாலிசிஸ்காரர். பின்பக்கச் சந்துல நிறுத்து, முன்பக்கம் படி இருக்கு."

"சரி தோன்யா" என்று உடனே பதில் வந்தது. கொஞ்சம் கழித்து, தாழ்ந்த குரலில்: "தோன்யா ஒந்தினா, நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?"

அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். அவள் நம்பர், அவள் டிரைவர்கள், அவளைத் தேடுகிற ஆட்கள், எல்லாம் அந்த அறையில் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் அங்கே நாற்காலி இல்லை. ரிசீவரைத் தாங்கியில் வைக்காமல் மேஜைமேல் மெல்லப் படுக்கவைத்தாள். பழைய செம்புக்கம்பிக் காலத்தில் அப்படி வைத்தால் போதும், டாக்சி ஆபீஸ் ஊமையாகிவிடும்.

இங்கே ஆகவில்லை. மேஜைப் போன் பேச்சில் இருக்கிறது என்று மயாமிக் கம்ப்யூட்டர் அடுத்து வந்த அழைப்பை வரிசையின் அடுத்த இடத்துக்கு அனுப்பியது. ஃபியோரின் மேல்துணிப் பைக்குள் செல் அடித்தது. அவள் எடுத்தாள். கேட்டுக்கொண்டே நெற்றியைச் சுருக்கினாள். பிறகு செல்லை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு, எத்தனையோ மத்தியானங்களில் நாற்காலி மாறும்போது கேட்டிருப்பாளே, அதே குரலில் கேட்டாள்:

"கொமாத்ரே, இந்த நீலத் தண்ணித்தொட்டிக்காரி வீடு எது? செருப்புக் கம்பெனிக்கு மேலயா, கீழயா?"

ஒந்தினாவின் உதடு அசைந்தது. சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அந்த வீடு தெரியும். அந்த வீட்டுக்காரிக்கு எத்தனை பேரன் என்பதுகூடத் தெரியும்.

"உங்க நம்பர்தானே கொமாத்ரே" என்றாள். "அதைக் கேளுங்க."

வெளியே வந்து குடையைக்கூட விரிக்காமல் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். வழியில் கதவில் அவள் பெயர் எழுதிய வண்டிகள் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயின. ஒன்று மெதுவாகி, நிற்பதா வேண்டாமா என்று தயங்கி, போய்விட்டது.

ஒந்தினா வெயிலில் நின்று அட்டையைப் புதுப்பித்தாள். புது நம்பர் ஒன்று வாங்கி, தன் பெயரிலேயே போட்டு, பாஸ்வேர்டைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். மெலிதோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தோன்யா, அழைப்பு எங்க இருக்கோ அங்கதான்..." என்று இழுத்தான். "போ" என்றாள். இரண்டு கிழட்டு டிரைவர்கள் மட்டும் அவளோடு இருக்கிறார்கள். புது நம்பர் யாருக்கும் மனப்பாடமாகவில்லை. கடைக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். நானும் என் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். மழை வந்தாலும் அவள் இப்போது கூந்தலை முடிந்துகொள்வதில்லை.

போன வாரம் யாரிசா வேலையிலிருந்து வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலில் நின்று கேட்டாள். அவள் பஸ் இறங்குகிற இடம் ஃபியோர் வீட்டு வாசல். "அம்மா, ஞானம்மா கம்பிக்குள்ள நின்னு என்னைப் பாக்கறாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துடறேன். ஆசீர்வாதம் கேக்கணுமா, வேண்டாமா?"

ஒந்தினா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காயையும் உரித்து முடித்தாள்.

"கேளு" என்றாள். "அவ உனக்கு ஞானத்தாய். அதை எந்தக் கம்பெனியிலயும் மாத்தித் தர மாட்டான். கம்பிக்கு வெளிய நின்னு கேளு. உள்ள கூப்பிட்டா போகாதே."